கடைசிப் பெஞ்சின் ஈரம்

வேளாப்பாறையில் கடலோடு போனவன், தன் வீட்டில் அடுத்து நடக்கிற கல்யாணத்துக்குக் கோயிலில் வந்து உட்கார்ந்து எழுந்த பிறகுதான் முழுசாகச் செத்தவன் ஆவான். ஏன் அப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஊர் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கேட்கிற நேரத்துக்குப் பெஞ்சையாவது துடைக்கலாம் என்று அங்கே பெண்கள் சொல்வார்கள்.

உடல் கரைக்கு வந்து அடக்கமானவன் வருவதில்லை. கரைக்கு வராதவன்தான் கோயிலுக்கு வருவான். மிக்கேல் சம்மனசு கோயிலின் கடல் பக்கத்து வாசலில் நனைந்தபடியே நுழைவான், ஆண்கள் பக்கத்தில் கடைசியாகக் கிடக்கிற சாய்வில்லாத பெஞ்சில் உட்காருவான், பூசை முழுக்க வாய் திறக்காமல் இருப்பான், கடைசி ஆசீருக்கு மணி அடித்து ஓய்ந்தால் இருக்க மாட்டான். பந்திக்கு வருவது கிடையாது. இரண்டாவது கல்யாணத்துக்கும் வருவது கிடையாது. ஒரு தடவை, அவ்வளவுதான்.

ஊர் இதற்கு ஏற்றபடி தன்னைச் செய்துகொண்டது. அந்தப் பெஞ்சை மட்டும் கடலுக்குப் போகிற வள்ளம் கட்டுகிற மரத்தில் செய்தார்கள், தண்ணீர் குடித்து உளுக்காமல் இருக்க. அதற்குக் கீழே தரையைச் சரித்துப் பூசி, வாசல் வரைக்கும் விரல் ஆழத்துக்கு ஓடை வெட்டினார்கள். கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டார் மடித்த தோர்த்துத் துண்டு ஒன்றைப் பெஞ்சில் வைப்பார்கள், வருகிறவன் தலை துவட்டிக்கொள்ளட்டும் என்று. பூசை முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் போய் அதை எடுத்துப் பார்ப்பான். காய்ந்திருந்தால் ஆள் எங்கோ இருக்கிறான். எந்த நாட்டுச் சிறையிலோ, எந்தத் தீவிலோ, எவள் வீட்டிலோ, இருக்கிறான். நனைந்திருந்தால் மறுநாள் துக்கமணி. அதன் பிறகுதான் சாமியார் இறந்தவர்கள் பூசையில் பெயரை வாசிப்பார், மனைவி வெள்ளை உடுத்துவாள். அதுவரைக்கும் அவள் நிறம் உடுத்தலாம், பூ வைக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லக்கூடாது.

பூசை நேரத்தில் பின்னால் திரும்பக்கூடாது. வெளியூரிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் வாசலில் நிற்கிற உபதேசியார், "செருப்ப இங்க விடுங்க, பின்னால திரும்பாதீங்க, சாப்பாடு பள்ளிக்கூடத்துல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். மாற்றலாகி வருகிற சாமியாரிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போதே, கல்யாணப் பூசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொல்லிவிடுவார். நல்ல கண்ணுள்ள சாமியார் ஒருவர் வந்தபோது, உபதேசியாருடைய கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, பீடத்தில் தடவித் தடவிப் பூசை வைத்துவிட்டுப் போனார். பாட்டுக்காரர்கள் பீடத்தைப் பார்த்துத்தான் பாடுவார்கள். ஆக, கல்யாணப் பூசையில் சனங்களைப் பார்த்தபடி, தெளிந்த கண்ணோடு நிற்கிறவன் ஒருவன்தான். படம் பிடிக்கிறவன்.

அதனால் அந்த ஊரில் படம் பிடிப்பது பயப்படவேண்டிய தொழில்.

முன்பு டவுனிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார்கள். சொன்னதைக் கேட்காத ஆள். மூலைக்கு மூலை ஓடினான், சாமியாரை நகரச் சொன்னான், கட்டின தாலியை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டச் சொன்னான், கடைசியில் கூட்டம் முழுக்க ஒரே படத்தில் விழட்டும் என்று பீடத்துப் படியில் ஏறி நின்று பளிச்சென்று ஒரு வெளிச்சத்தைப் போட்டான். அன்றைக்குக் கடைசிப் பெஞ்சில் வந்திருந்தவன் மணி அடித்த பிறகும் போகவில்லை. போக முடியவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான், வருகிறபோதெல்லாம் கொஞ்சம் குறைந்து வந்தான், முதலில் விரல்கள், பிறகு காது, பிறகு முகத்தில் இன்னது என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அவனைக் கட்டினவள் முதல் பெஞ்சில் முக்காட்டுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் ஊர்க்காரர்கள் டவுனுக்குப் போய் அந்த பிலிம் சுருளைப் பிடுங்கி வந்து, கல்லைக் கட்டி நடுக்கடலில் இறக்கினார்கள். பெஞ்சு அன்றைக்குத்தான் காய்ந்தது.

அதன் பிறகு கிளீட்டஸைத் தவிர வேறு ஆளைக் கூப்பிடுவதில்லை.

கிளீட்டஸ் அதே ஊர்க்காரன். நாற்பது தாண்டிவிட்டது. வெறுங்காலோடுதான் கோயிலுக்குள் வேலை செய்வான். செயற்கை வெளிச்சம் போட மாட்டான். சன்னல் கொடுப்பது போதும் என்பான். பீடத்துப் படியில் கால் வைக்க மாட்டான். அப்பமும் இரசமும் உயர்த்துகிற நேரத்தில் கேமராப் பெட்டியைத் தாழ்த்தி முட்டிபோட்டுவிடுவான். பெண் அழுதால் எடுக்க மாட்டான், அவள் மூக்கைச் சிந்தி முடிகிறவரை தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பான். தவறிப்போன படத்துக்காக யாரையும் எதையும் திரும்பச் செய்யச் சொன்னதில்லை. ஒருக்கா நடந்தது ஒருக்காதான். சனங்களைப் பார்த்தபடி எடுத்தே தீரவேண்டிய படங்களுக்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவிடுவான். அப்படித் திறந்தால் கைக்கெட்டுகிற முகம் மட்டும் தெளியும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைத்த சந்தனம் மாதிரி கலங்கிப் போகும். பெஞ்சு கலங்கும், பெஞ்சில் இருப்பவன் கலங்குவான், பார்த்தும் பார்க்காத மாதிரி ஆகிவிடும். இத்தனை வருடத்தில் கடைசிப் பெஞ்சுக்கு வந்த ஒருவனுடைய முகத்தையும் அவன் கண்டதில்லை. காண விரும்பியதும் இல்லை.

தொபியாஸ் மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டபோது மட்டும், வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தான். தொபியாஸ் மூன்று வருடத்துக்கு முந்தின பெருங்காற்றில் போனவர். வள்ளம் கிடைத்தது, கூடப் போனவர்கள் ஒவ்வொருவராய்ப் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள், அவர் ஒதுங்கவில்லை. அவர் மனைவி மெற்றில்டா அன்றிலிருந்து தலையில் பூ இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. மகள் பெனிலாளுக்கு வந்த வரன்களை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் மூக்கு சரியில்லை, மாப்பிள்ளை வீட்டுக் கிணறு சரியில்லை. ஊருக்குத் தெரியும், மூக்கும் இல்லை கிணறும் இல்லை என்று. கல்யாணம் நடந்தால் பெஞ்சு பதில் சொல்லிவிடும். பதில் வராதவரைக்கும் அவள் புருசன் இருக்கிறான்.

ஆனாலும் பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைப்பது. கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது.

முந்தின நாள் மத்தியானம் கிளீட்டஸ் மெற்றில்டா வீட்டுக்குப் போனான். பச்சைச் சேலையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு, பந்தலுக்குக் கீழே நின்று பந்தல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"பந்தல் நல்லா வந்திருக்கு அக்கா."

"ஒரு பக்கம் சாஞ்சி நிக்கிது. குடிச்சிட்டுக் கட்டினா இப்பிடித்தான் நிக்கும். உக்காரு. ஊர்ல என்ன பேசுறாவ?"

"என்ன பேசுவாவ. மீன் வெலையப் பேசுறாவ."

"பொய் சொல்லத் தெரியாதவன் படம் புடிக்கத்தான் லாயக்கு," என்றாள். "தோர்த்து வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், கேட்டியா. உசிரோட இருக்கிற ஆளுக்கு என்னத்துக்குத் தோர்த்து? ஆனா எங்க அண்ணன் கேக்க மாட்டான். எனக்குத் தெரியாம வச்சிருவான்."

அண்ணன் அருளப்பன் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றிருந்தவர், காதில் விழாத மாதிரி கம்பை ஆட்டிப் பார்த்தார்.

"டிக்சன் வரலியா அக்கா?"

டிக்சன் அவள் மகன். அரபு நாட்டில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவன்தான்.

"அரபி விடமாட்டேன்னுட்டானாம். நேத்து போன்ல பேசினான். தொழிலுக்கு எறங்குதோம், இனி கடல்ல சிக்னல் கெடைக்காது, தங்கச்சிக்கு என் பங்குக்கு ஒரு முத்தம் குடுத்திருன்னான். குடுத்தேன். அவ தொடச்சிட்டா."

உள்ளேயிருந்து பெனிலாள், "வெத்தல வாய்ல குடுத்தா தொடைக்காம?" என்றாள்.

மெற்றில்டா சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கிளீட்டசு. நாளைக்கி எல்லாரும் பீடத்தப் பாத்து நிப்போம். நீ மட்டுந்தான் எங்களப் பாத்து நிப்ப."

"நான் பின்னால பாக்கிறதில்ல அக்கா."

"தெரியும். அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டது. ஆனாலும் கண்ணுன்னு இருந்தா பட்டுரும்." கையிலிருந்த வெற்றிலையைக் கிழித்துக் கிழித்துக் கீழே போட்டாள். "பட்டா மூஞ்சில காட்டாத. பூசை முடியிற வரைக்கும் நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

கிளீட்டஸ் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

கல்யாணத்தன்று காலையில் காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. அருளப்பன் சட்டைக்குள் எதையோ வைத்து மறைத்தபடி எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்குள் போனதையும், வெளியே வரும்போது சட்டை தட்டையாக இருந்ததையும் கிளீட்டஸ் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், செருப்பை விட்டார்கள், திரும்பக்கூடாது என்பதைக் கேட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஷாஜன் அதைக் கேட்டதிலிருந்து கழுத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு நடந்தான். சாமியார் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். பாட்டு ஆரம்பித்தது.

முதல் வாசகம் வரைக்கும் ஒன்றும் இல்லை. கிளீட்டஸ் பெண்ணின் முக்காட்டை எடுத்தான், மாப்பிள்ளையின் வேர்த்த மேலுதட்டை எடுத்தான், மோதிரத் தட்டை எடுத்தான். முதல் பெஞ்சில் மெற்றில்டா. சிவப்புப் பட்டு, மல்லிகை, கழுத்தில் தாலி வெளியே தெரியும்படி. பீடத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் கண் அவன் முகத்தில் இருந்தது. அவன் இடப்பக்கம் போனால் கண் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தது. அவனுக்கு முகமே ஒரு சுமை மாதிரி கனத்தது. கன்னத்தை எங்கே வைப்பது, புருவத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினபோது உப்பு வாடை வந்தது. கடலோரக் கோயிலில் உப்பு வாடை வருவது அதிசயம் இல்லை. ஆனால் காற்று இல்லாத நாளில் வந்தது. கடல் பக்கத்து வாசலின் திரை ஒருமுறை ஒதுங்கி விழுந்தது. தரையில் ஈரக்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டதா, சாமியார் பக்கம் புரட்டின சத்தமா, அவனால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் தோள்கள் எல்லாம் ஒரு விரற்கடை உயர்ந்து, அப்படியே நின்றன. ஒருவரும் திரும்பவில்லை. மெற்றில்டா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பெட்டியைத் தூக்கி முகத்தின் மேல் வைத்துக்கொண்டான்.

தாலி கட்டுகிற நேரம் வந்தது.

அந்த ஒரு படத்துக்குச் சாமியாரின் இடது தோளுக்குப் பின்னால் நின்றாக வேண்டும். வேறு இடத்தில் நின்றால் மாப்பிள்ளையின் முதுகுதான் விழும். அங்கே நின்றால் நேரே எதிரில் நடுவழி, நடுவழியின் முடிவில் கடைசிப் பெஞ்சு. கிளீட்டஸ் லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தான். பெனிலாளின் குனிந்த பிடரி தெளிந்தது, மாப்பிள்ளையின் நடுங்குகிற விரல்கள் தெளிந்தன, பின்னால் கோயில் முழுக்கக் கரைந்து சந்தனமாய் நின்றது, அந்தச் சந்தனத்தின் ஆழத்தில், ஆண்கள் பக்கத்து மூலையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை இருந்தது.

வந்தாயிற்று, என்று நினைத்தான். தொபியாஸ் அண்ணே, வந்திட்டீங்களே.

உடனேயே, ஏன் ஆரஞ்சு, என்றும் நினைத்தான்.

தொபியாஸ் போனது இடுப்பில் கட்டின நீலச் சாரத்திலும் பழைய பனியனிலும். கரை முழுக்கத் தெரியும், எத்தனை போலீசுக்கு எத்தனை தடவை அடையாளம் சொல்லியிருப்பார்கள். தொபியாஸுக்குத் தலையில் முடி கிடையாது. கரைந்த அந்த உருவத்தின் உச்சியில் கறுப்பாக அடர்த்தி இருந்தது. தொபியாஸ் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு நிறையும். இது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

விரலுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. லென்ஸின் வளையத்தைத் திருப்பியது. பெண்ணின் பிடரி கரைந்தது. தாலி கரைந்தது. முதல் பெஞ்சு தெளிந்து கரைந்தது, நடுப்பெஞ்சுகள் தெளிந்து கரைந்தன, கலங்கல் பின்னோக்கிப் பின்னோக்கி வடிந்துபோய், கடைசியில் தண்ணீருக்கடியிலிருந்து ஏறி வருகிற மாதிரி ஒரு முகம் திரண்டு வந்து நின்றது.

டிக்சன்.

ஆரஞ்சு நிறச் சட்டை, படகுக்காரர்களுக்கு அரபி கொடுக்கிற சட்டை. தோர்த்தால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான், குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி, காதுக்குள்ளெல்லாம் விட்டு நிதானமாக. நெற்றியில் ஒரு வெட்டு, இரத்தம் இல்லாமல், கழுவின மீனின் வெட்டு மாதிரி வெள்ளையாக. துவட்டிக்கொண்டே நிமிர்ந்தான். எதிரே லென்ஸைப் பார்த்தான். பார்த்ததும் தோர்த்தைத் தொடையில் வைத்துவிட்டு, அந்த ஊரில் யாராயிருந்தாலும் பெட்டிக்கு முன்னால் செய்கிற மாதிரி, சட்டைக் காலரை இரண்டு கையாலும் இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தான். படத்துக்காகக் காத்திருந்தான்.

கிளீட்டஸ் அழுத்தவில்லை. மூச்சு பெட்டியின் முதுகில் பட்டு ஆவியாகிக் கண்ணை மறைத்தது. ஆவி கலைகிறபோது மணி கிணுகிணுத்தது, கூட்டம் பெருமூச்சு விட்டது, தாலி கட்டியாகிவிட்டது. அவனிடம் அந்தப் படம் இல்லை.

அதற்குப் பிறகு பூசை முடிகிறவரை அவன் பெட்டியை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு, எதையெதையோ எடுத்தான். பூவை எடுத்தான், மெழுகுதிரியை எடுத்தான், சுவரை எடுத்தான். லென்ஸுக்குள் ஒரு தடவை மெற்றில்டா வந்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிற மாதிரி "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லலாம் என்று வாயெடுத்தான். லென்ஸைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான்.

கடைசி ஆசீர். மணி அடித்து ஓய்ந்தது. கோயில் மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பியது.

பெஞ்சில் ஆள் இல்லை. ஓடையில் தண்ணீர் மெல்ல வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அருளப்பன் நடுவழியில் போனார். போகிற வழியில் ஒவ்வொரு பெஞ்சின் விளிம்பையும் பிடித்துப் பிடித்துப் போனார். தோர்த்து மடிப்பு கலைந்து கிடந்தது. எடுத்தார். சொட்டியது. தாய்மாமன் முறைக்குப் பிழிய வேண்டும், பிழிந்தார்; முறுக்க முறுக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, ஒரு துண்டுத் துணிக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி "என்னவாம்?" என்று கேட்க, பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தவர், கிளீட்டஸ் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார். "ஆரஞ்சு கலரா என்னமோ மங்கலாத் தெரிஞ்சிச்சி. தொபியாஸ் என்ன உடுத்திட்டுப் போனாரு?"

"தெரியாது ஃபாதர்."

மெற்றில்டா எழுந்து போனாள். ஓடவில்லை, அலறவில்லை. பெஞ்சுக்கு முன்னால் நின்று உள்ளங்கையை ஈரத்தில் வைத்தாள். கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பெனிலாள் "அம்மா" என்றபடி பின்னால் ஓடிவந்தாள், மாப்பிள்ளை அவள் சேலை முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான்.

"அழாத. அப்பா உன் கல்யாணத்துக்கு வந்திருக்காவ. மை கலைஞ்சா நல்லாருக்காது," என்றாள் மெற்றில்டா. பிறகு கூட்டத்துக்கு மேலாகக் கிளீட்டஸைத் தேடிப் பிடித்தாள். "நீ பாத்த."

அவன் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"மூஞ்சியப் பெட்டிக்குள்ள ஒளிச்சிக்கிட்டு நின்னியே, அப்பவே தெரியும். சொல்லு. அவியதானே?"

பார்த்ததைச் சொல்லக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. கட்டுப்பாடு கிடக்கட்டும். இல்லை என்று சொன்னால் அது ஆறுதல். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஆறுதல். அடுத்த மூச்சில், பின்னே யார் என்று கேட்பாள், கேட்டு முடிக்குமுன்பே அவளுக்கே தெரிந்துவிடும், அந்த வீட்டில் கடலுக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஆமாம் என்று சொன்னால், எங்கோ மூச்சுவிட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஒரு மனிதனை அவன் தன் வாயால் கொல்ல வேண்டும், அதற்குமேல் உண்மை வருகிற அன்றைக்கு அவள் இரண்டாவது தடவை சாக வேண்டும். படம் பிடிக்கிறவனுக்கு எப்போதும் வாயில் இருக்கிற வார்த்தைதான் வந்தது.

"உக்காருங்க அக்கா."

அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். அந்த ஈரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு.

"ஒரு படம் எடு," என்றாள்.

கூட்டம் கலங்கியது. உபதேசியார் வேகமாக வந்தார். "மெற்றில்டா, வேண்டாம் மக்களே. அந்தப் பெஞ்சப் படம் எடுத்து நாம பட்டது போதாதா. போனவிய போக வேண்டாமா?"

"மணி அடிச்சாச்சி, அவிய போயாச்சி. வெறும் தண்ணியத்தான எடுக்கச் சொல்லுதேன். கலியாணம் கட்டின நாள்ல இருந்து என் கூட நின்னு ஒரு படம் எடுத்ததில்ல அந்த மனுசன். எப்பக் கூப்பிட்டாலும் வலை காய்யிது, வெயில் போவுதும்பாவ. இன்னைக்கி மாட்டிக்கிட்டாவ." அவள் சிரிக்கப் பார்த்தாள். "வா பெனிலா, அப்பாக்கு அந்தப் பக்கம் வந்து நில்லு. மாப்பிள, நீங்களும் நில்லுங்க. பயப்படாதிய, மாமனார் கடிக்க மாட்டாரு. அண்ணே, பின்னால வா. தோர்த்தக் கீழ போடாத, கையில வச்சிக்க."

ஒருவர் ஒருவராக வந்து நின்றார்கள். ஈரத்தின் மேல் கால் படாமல், ஈரத்தின் மேல் நிழல்கூட விழாமல், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் குடும்பம் நின்றது. சாமியார் தடுக்க வாயெடுத்துவிட்டு, சிலுவை மட்டும் போட்டுக்கொண்டார்.

கிளீட்டஸ் எதிரில் மண்டியிட்டான். பெட்டியைத் தூக்கினான். லென்ஸுக்குள் வெறும் மரமும் தண்ணீரும்தான் தெரிந்தன. அழுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் ஒருவன் குறைந்து குறைந்து வந்த கதை தெரியும். டிக்சன் அப்படி வந்தால், முகத்தோடு வருவான். முதல் ஞாயிறே அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

மெற்றில்டா ஈரத்தின் மேல் கையை வைத்து, மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். முன்னால் மண்டியிட்டிருந்தவனுக்கும் கேட்டது.

"நீங்க நிம்மதியாப் போங்க. பெனிலாளக் கரையேத்தியாச்சி. என்னப் பத்திக் கவலப்படாண்டாம். எனக்கென்ன, டிக்சன் இருக்கான். அவன் பாத்துக்கிடுவான்."

அப்போது அருளப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவர் ஒரு கையில் தோர்த்தை வைத்துக்கொண்டு மறு கையால் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "வெளிநாட்டு நம்பரா இருக்கு."

"டிக்சன்தான்," மெற்றில்டாவின் முகம் மலர்ந்தது. அவள் கண் கிளீட்டஸை விட்டுப் போனுக்குப் போனது. "அதுக்குள்ள சிக்னல் கெடச்சிருக்கு, பாரு. குடு இங்க. அப்பா வந்த விசயத்த நானே அவங்கிட்டச் சொல்லுதேன்."

அருளப்பன் போனை நீட்டினார்.

"அண்ணே, அத எடுக்காண்டாம்," என்றான் கிளீட்டஸ்.

கோயிலுக்குள் அவன் குரலை அவ்வளவு சத்தமாக ஒருவரும் கேட்டதில்லை. நீட்டின கை அப்படியே நின்றது.

"படம் முடியட்டும். எல்லாரும் இங்க பாருங்க. அக்கா, இங்க. அசையாண்டாம்."

பெட்டிக்கு முன்னால் சொன்னபடி கேட்கிற சனம். மாப்பிள்ளை கழுத்தை நேராக்கினான், பெனிலாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அருளப்பன் நீட்டின போனைத் தோர்த்தோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார், மெற்றில்டா மலர்ந்த முகம் மலர்ந்தபடியே லென்ஸைப் பார்த்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. கிளீட்டஸின் விரல் பொத்தான்மேல் இருந்தது, கண்ணிலிருந்து இறங்கினது கன்னத்தில் வழிந்து கைக்கு வந்துவிட்டது, முழங்கால் கல்லில் நொந்தது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது; அழுத்தினால் அவர்கள் கலைந்துவிடுவார்கள், கலைந்தால் மெற்றில்டா கையை நீட்டிப் போனை வாங்குவாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றான். "அப்பிடியே சிரிச்சிக்கிட்டு இருங்க அக்கா."

அவள் சிரித்துக்கொண்டு இருந்தாள். அவன் அழுத்தவில்லை.